செம்பட்டைக்கு ஆசைப்பட்டவள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற வரைக்கும் என் தலைமுடி விஷயத்தில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. எல்லாம் அம்மாவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். சீயக்காயும் வெந்தயமும் சேர்த்து மெஷினில் அரைத்து வைத்திருக்கும் தூளைக் கஞ்சியில் கரைத்துப் பூசுவாள். கண் எரிகிறது என்று நான் கத்தினால், "எரிஞ்சாத்தாண்டி அழுக்கு போவும்" என்பாள். அப்புறம் சாம்பிராணிப் புகை. இடுப்பைத் தாண்டித் தொங்கும் அந்தக் கன்னங்கரேலென்ற பின்னலைக் கல்யாண வீடுகளில் யாராவது கையில் எடுத்துப் பார்த்தால் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. என்னைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை. உயரம், ஒல்லி, மாநிறத்துக்கும் ஒரு மாற்றுக் குறைவு. என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என் முடியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அப்படிப்பட்ட முடியை வெளுக்கவைக்க வேண்டும் என்று நானே மெனக்கெட்டதற்குக் காரணம் ஒரு நாடகம்.

தொண்ணூற்று ஆறாம் வருஷம். நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில் வேலை. நான் தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்களுக்கு ஆங்கிலம் எடுக்க வந்த மேடம் மிகவும் இளையவர். ஆண்டு விழாவுக்கு அவரே ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். பாண்டிச்சேரிக்குப் போக வேண்டிய வெள்ளைக்காரி ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுகிறாள். கண்டக்டர், பூக்காரி, வெள்ளரிக்காய் விற்பவர் என்று ஆளாளுக்கு அவளுக்கு வழி சொல்கிறார்கள். அவள் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பதுதான் கதை.

வெள்ளைக்காரியாக நடிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைவிடச் சிவப்பான பெண்கள் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அந்த வேஷத்துக்கு இங்கிலீஷில் படபடவென்று பேச வேண்டியிருந்தது. தப்போ சரியோ, மூச்சு விடாமல் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்ளலாம், முடிக்கு டோப்பா வைத்துக்கொள்ளலாம் என்றார் மேடம்.

டோப்பா வந்தது. கூத்து சாமான்கள் வாடகைக்கு விடும் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார்கள். சணலைத் திரித்து மஞ்சள் சாயத்தில் முக்கியது. அதற்கு முன்னால் எந்த ராட்சசன் அதை எந்த ஊரில் போட்டுக்கொண்டு ஆடினானோ, அவனுடைய வேர்வை முழுக்க அதில் இருந்தது. தலையில் வைத்தால் மூக்குவரை இறங்கியது. பூக்காரியாக நடித்தவள் குனிந்து பார்த்துவிட்டு, "அய்யோ, இதுக்குள்ள இன்னாவோ ஊருது!" என்று அலறினாள். நான் அதைக் கழற்றி வீசினேன்.

"டோப்பா வேணாம் மேடம். என் முடியையே வெள்ளைக்காரி முடியா மாத்திக்கிறேன்."

"கெமிக்கல் எல்லாம் போடக்கூடாதும்மா. அப்புறம் உங்க அம்மா என்னைச் சும்மா விடமாட்டாங்க."

"கெமிக்கல் இல்ல மேடம். எல்லாம் வீட்டுச் சாமான்தான்."

இந்தத் தைரியம் எனக்கு நூலகத்திலிருந்து கிடைத்தது. அங்கே வரும் பெண்கள் வார இதழில் அழகுக் குறிப்புப் பக்கத்தை நான் விடாமல் படிப்பேன். கூந்தலைப் பழுப்பாக மாற்ற எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் உட்காரலாம், தேன் தடவலாம், கெமோமில் என்ற சீமைப் பூவைப் போட்ட டீயில் அலசலாம் என்று அதில் போட்டிருந்தார்கள். விழாவுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மாசி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

சாயங்கால ரயிலில் இந்தத் திட்டத்தை முதலில் கேட்டவள் என் சிநேகிதி. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னோடு திண்டிவனம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். நாடகத்தில் அவளுக்கு வேஷம் இல்லை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மேடை என்றாலே அவளுக்கு ஆகாது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முண்டியம்பாக்கம் வந்திருந்தது. சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பெட்டிக்குள் நிறைந்தது. கோபமோ என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"செம்பட்டை ஆவறதுக்கு ஒருத்தி இம்மாம் பாடுபடுவாளா? எந்தலையப் பாருடி" என்று பின்னலை முன்னால் இழுத்துப் போட்டாள்.

அவள் தலையில் எப்போதும் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய, பச்சை நிறமான எண்ணெய். அது பழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றுதான் சொன்னாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே செம்பட்டை முடி. வெயிலும் உப்புக்காற்றும் அதை இன்னும் வெளுக்கவைத்தன. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ செம்பட்டை' என்பதுதான் அவள் பேர். எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை என்று வாத்தியார்களே நினைத்துக்கொண்டார்களாம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு கடலில் கால் வைப்பதையே விட்டுவிட்டாள். முன்நெற்றியில் எண்ணெய்க்கு அடங்காத முடிகளின்மேல் கண்மை தடவிக்கொள்வாள். வேர்த்தால் காதோரம் கறுப்பாக ஒரு கோடு வழியும். அந்தக் கோட்டை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ரயில் புகைக்கரி என்று நினைத்துக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவள், "சரி, நீ ஆரம்பி. எனுக்கு எம்மா வருஷமா கறுக்கல, உனுக்கு எப்படி வெளுக்குதுன்னு பார்ப்போம்" என்று சொல்லி, மறுபடியும் சிரித்தாள்.

கெமோமில் கிடைக்காது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மார்க்கெட் தெரு மளிகைக் கடையில் கேட்டேன். கடைக்காரர் காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "இன்னாம்மா கேட்ட, கமர்கட்டா?" என்றார். இல்லைங்க, கெமோமில் என்றேன். ஒரு கமர்கட்டை எடுத்துக் கையில் வைத்து, "இதுதாம்மா கீது" என்றார். தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எலுமிச்சம்பழத்துக்குக் குறைவில்லை. எங்கள் கொல்லையில் மரமே இருந்தது. மொட்டை மாடியில் தலைவிரி கோலமாக உட்கார ஒரு சாக்கு வேண்டுமே, அதற்குத்தான் யோசித்தேன். அம்மா வடகம் பிழிந்து காயவைக்க ஆரம்பித்திருந்தாள். "காக்கா வராம நான் பார்த்துக்கறேம்மா" என்று புத்தகத்தோடு மாடிக்கு ஏறினேன். அதுவரை ஒரு நாளும் வடகத்துக்குக் காவல் இருந்தவள் இல்லை நான். அம்மா கீழே அப்பாவிடம், "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது.

சனி, ஞாயிறு, கல்லூரி இல்லாத நாள் எல்லாம் மாடியில்தான். எலுமிச்சைச் சாற்றைக் கிண்ணத்தில் பிழிந்து, முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து நனைத்துக்கொள்வேன். ஓட்டல் தோசைக்கல் மாதிரி தரை கொதிக்கும். பக்கத்தில் வடகம் காயும், நான் காய்வேன். கீழே வரும்போது தலையை அலசிப் பின்னி, ஒன்றும் நடக்காதது போல இருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து மேடம் என்னை வெளிச்சத்தில் நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முடி அப்படியேதாம்மா இருக்கு. ஆனா முகம்தான்..."

முகமும் கழுத்தும் நன்றாகக் கறுத்திருந்தன. மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. வெள்ளைக்காரி ஆகப் போனவள் இருந்த நிறத்தையும் தொலைத்துவிட்டு வந்து நின்றேன். சிநேகிதி திரைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடமும் சிரித்துவிட்டார். பவுடரைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

இதற்கிடையில் வீட்டில் வேறு ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. பிழிந்த எலுமிச்சை மூடிகளை நான் கொல்லைச் சுவர் ஓரமாக வீசிவிடுவேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம். ஒரு நாள் அம்மா துடைப்பத்தோடு போனவள், பாதிப் பாதியாக அறுத்த எலுமிச்சைகள் குவிந்துகிடப்பதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"யாரோ வெச்சிக்கீறாங்கக்கா" என்று அத்தை அடித்தொண்டையில் சொன்னாள். "அதான் உம் பொண்ணு மூஞ்சி நாளுக்கு நாள் கறுத்துக்கினே போவுது. நானே கேக்கணும்னு இருந்தேன்."

அம்மா ஆடிப்போய்விட்டாள். அன்று சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி மட்டும் துளிகூட இல்லை. அது போதும், அத்தைக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. "பார்த்தியாக்கா, நெடியே வரல!" ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்பது என்று முடிவு செய்தார்கள். அப்பா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எறும்புகள் வந்துவிட்டன.

எலுமிச்சை சரிப்படவில்லை என்று, சனிக்கிழமை நான் தேனுக்கு மாறியிருந்தேன். தேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முடி நுனியிலிருந்து பாதிவரை தடவிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயிலுக்கு இதமாகத் தூக்கம் வந்தது. கழுத்தில் சுருக்கென்று கடித்ததும் விழித்தேன். பின்னால் தொட்டுப் பார்த்தால் கை முழுக்கச் சிற்றெறும்பு. சுவரில் எங்கோ ஒரு விரிசலிலிருந்து என் முடிவரை வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. நான் எழுந்து குதித்தேன். முடியை உதறினேன், கத்தினேன், வடகத்தை எல்லாம் மிதித்தேன். பக்கத்து மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த அத்தை இதைப் பார்த்துவிட்டு, "அக்கா! ஓடியா! பொண்ணு மேல வந்துடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள்.

அம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். ஒரு கையில் விபூதித் தட்டு. தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டிருந்த என்மேல் ஒரு பிடி விபூதியை வீசினாள். அது தேனில் ஒட்டிக்கொண்டது. "எறும்பும்மா! எறும்பு!" என்று நான் கத்தினேன். அவள் கிட்டே வந்து முடியைத் தொட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தேனு" என்றாள்.

தரையில், முன்பு எலுமிச்சை பிழிந்த கிண்ணம் விதைகளோடு கிடந்தது. அதைப் பார்த்தாள். என் கறுத்த முகத்தைப் பார்த்தாள். கொல்லைச் சுவரை எட்டிப் பார்த்தாள்.

"அந்த எலுமிச்சம்பழம் எல்லாம்... நீதானா?"

தலையாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா வடகத் துணியின்மேலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எம்மா பேஜாரு பண்ணிட்டடி! யாரு வெச்சாங்க, யாரு வெச்சாங்கன்னு நான் தெருவுல ஒருத்தர் மூஞ்சியையும் சரியாப் பார்க்கலியேடி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மாடி அத்தைக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்பா படியில் நின்றுகொண்டு, "எலுமிச்சை வாசனை எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். அதற்காக அவருக்கும் திட்டு விழுந்தது.

விவரத்தையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். வெளுக்கவைப்பதாக இருந்தால் நுனியில் ஒரு முழம் மட்டும். அதற்கு மேலே போனால் நாடகமும் கிடையாது, கல்லூரியும் கிடையாது. எனக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு முழத்தை எப்படி வெளுக்கவைப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் சிநேகிதியிடம் எறும்புக் கதையைச் சொன்னேன். மயிலம் தாண்டுகிறவரை சிரித்தாள். பிறகு, "நீ எங்க ஊருக்கு வா" என்றாள். "உனுக்கு வேணுங்கறது அங்க சும்மாவே கீது. கடல் தண்ணி, அப்புறம் வெயிலு. எங்க புள்ளைங்க எல்லாம் பின்ன எப்படி செம்பட்டை ஆச்சுன்னு நினைக்கற?"

வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் மரக்காணம் பஸ் ஏறினேன். உப்பளங்களைத் தாண்டும்போதே காற்று மாறிவிட்டது. ஸ்டாப்பிங்கில் அவள் நின்றுகொண்டிருந்தாள். குப்பத்தில் நுழைந்ததும் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சொன்னது சரிதான். எல்லாத் தலையும் சோளக்கதிர் நார் மாதிரி இருந்தது. என் பின்னலைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்குள் சண்டை வந்தது.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் அவளுடைய அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா கண்ணு, இந்த முடியவா செம்பட்டை ஆக்கணும்ங்கற?"

"ஆமாம்மா. நாடகத்துக்கு."

"எம் பொண்ணுக்குக் கறுக்க வெக்கறதுக்கு எண்ணெ காய்ச்சிக் காய்ச்சி என் கை வெந்துபோச்சு. நீ இன்னாடான்னா பஸ் ஏறி வந்து செம்பட்டை கேக்கற!" அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு புதிய ஆள் வரும்போதும் அவர் முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் முதல் தடவை கேட்பது போலச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் கொடுத்து, வயிறு நிறைந்த பிறகுதான் கடலுக்கு அனுப்பினார்கள்.

நான் முட்டிவரை இறங்கினேன். முடியை அவிழ்த்துவிட்டுக் குனிந்து நனைத்தேன். சிநேகிதி கரையிலேயே நின்றாள், தலையில் துண்டு போட்டுக்கொண்டு. பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். "நான் வர்ல போங்கடா" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். கடல் எனக்குப் பழக்கம் இல்லை. அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்பதுகூடத் தெரியாது. பின்னாலிருந்து ஒன்று வந்து என்னைத் தூக்கி, புரட்டி, வாயெல்லாம் மணலாக்கிற்று. எழுந்திருக்கத் தெரியாமல் கையைக் காலை ஆட்டினேன்.

அவள் துண்டை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் என் கையைப் பிடித்துத் தூக்கவும் அடுத்த அலை வரவும் சரியாக இருந்தது. இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்தபோது அவள் உச்சிமுதல் பாதம்வரை நனைந்திருந்தாள். தலையிலிருந்து எண்ணெய் வழிந்து முகமெல்லாம் பளபளத்தது. கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"போச்சு!" என்றாள். தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கரையேறுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, வந்துகொண்டிருந்த பெரிய அலையைப் பார்த்தாள். "இன்னாத்துக்குடி இனிமே" என்று சொல்லிக்கொண்டே அதற்குள் பாய்ந்தாள்.

அவள் அப்படி நீந்துவாள் என்று எனக்குத் தெரியாது. அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா கையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். ரொம்ப நேரம் நின்றார்.

அந்த இரண்டு நாளும் நாங்கள் வெயில் இருக்கும்வரை கடலில்தான் கிடந்தோம். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், வெயில், மறுபடியும் எலுமிச்சைச் சாறு. ஞாயிறு மத்தியானம் அடிபம்புத் தண்ணீரில் இரண்டு பேரும் தலையை அலசிக் காயவைத்தோம். என் முடி நுனி தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஆனால் வெளுத்திருந்தது! வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒரு முழத்துக்குத் தேன் நிறம் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஓடிப் போய் அவளிடம் காட்ட நினைத்துத் திரும்பினேன்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு முடியை உதறிக்கொண்டிருந்தாள். எண்ணெய் இல்லாமல் அவள் முடியை அன்றுதான் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தை வெயிலில் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது. நான் ஒரு மாதம் வெயிலில் வெந்து, எறும்பிடம் கடி வாங்கி, கடலில் உருண்டு, எந்த நிறத்தின் பக்கத்தில் போக முயன்றேனோ அந்த நிறம் அவள் தோள் முழுக்க வழிந்துகொண்டிருந்தது.

"எப்படிடி இதை மூடி வெச்ச?" என்றேன்.

அவள் என் ஒரு முழத்தை எடுத்துத் தன் முடியோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஜாதி ஆயிடுச்சு" என்றாள். அவள் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் நாங்கள் கிளம்பியபோது அவள் எண்ணெய்ப் புட்டியைப் பையில் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து, மகளைப் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அன்று ஒத்திகையில் நான் என் ஒரு முழத்தை முன்னால் போட்டுக்கொண்டு பெருமையாகப் போய் நின்றேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த பார்லர்ல பண்ணிக்கிட்ட?" என்று அவளிடம் கேட்டார். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"பார்லர் இல்ல மேடம். கடலு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வழக்கமாக இப்படி எல்லோரும் பார்த்தால் அவள் குனிந்துகொள்வாள். அன்றைக்கு நேராக நின்றாள். மேடம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ரெண்டு வெள்ளைக்காரிங்க வந்தா என்ன?" என்றார். "அக்கா தங்கச்சி."

அவள் மாட்டேன் என்றாள். இங்கிலீஷ் வசனம் பேச வராது என்றாள். நான் கெஞ்சினேன். அப்போது மேடத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. தங்கை இப்போதுதான் இந்தியாவுக்கு வந்தவள், இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அக்காக்காரி மரக்காணத்தில் வந்து தங்கி, அந்த ஊர்த் தமிழைக் கற்றுக்கொண்டவள். "உங்க வீட்ல எப்படிப் பேசுவியோ அப்படியே பேசு. எழுதிக்கூடத் தரமாட்டேன்" என்றார்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. என் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அவளுடைய அம்மா பஸ் மாறி வந்து, எங்கள் வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். திரை விலகியது. நான் என் இங்கிலீஷைக் கொட்டினேன். கண்டக்டர், பூக்காரி, வெள்ளரிக்காய்க்காரர் எல்லோரும் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். கூட்டம் சுமாராகச் சிரித்தது. அப்புறம் பாவாடை மாதிரி ஒரு பூப்போட்ட கவுனும் தொப்பியுமாக அக்கா வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த முடியைப் பார்த்ததும், நிஜமான வெள்ளைக்காரியைக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று நினைத்து முன்வரிசை அடங்கிப்போயிற்று. அவள் கண்டக்டரின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாய்யா, எம்மா நேரமா எந்தங்கச்சி தொண்டை கிழியக் கத்திக்கினு கீது, நீ பாட்டுக்கு டிக்கெட்டு கிழிச்சிக்கினு கீற? ஜல்தி சொல்லு, பாண்டி பஸ்ஸு எங்க நிக்குது?"

அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை. கண்டக்டராக நடித்தவள் தன் வசனத்தை மறந்து சிரித்துவிட்டாள். எடுத்துக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் ஆளும் இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டியவள் மேடையில் இருந்தாள். அவளே கண்டக்டரின் வசனத்தையும் சேர்த்துப் பேசிச் சமாளித்தாள். அதற்கும் கைதட்டல். வெள்ளரிக்காய்க்காரரிடம் பேரம் பேசினாள், பூக்காரியைத் திட்டினாள், எழுதாத வசனமெல்லாம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு பேரும் பாண்டிச்சேரி போகாமல் மரக்காணம் பஸ் ஏறிப் போவதாக நாடகமே மாறிவிட்டது. மேடம் பக்கவாட்டில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் நான் அம்மாவிடம் ஓடினேன். "எப்படிம்மா தெரிஞ்சுது என் முடி?"

"கறுப்பாத்தான் தெரிஞ்சுது" என்றாள் அம்மா. அந்த வெளிச்சத்துக்கு என் ஒரு முழத் தேன் நிறம் போதவில்லையாம். நான் வாடிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. என் சிநேகிதியைத் தன் பக்கம் இழுத்து, அவள் முடியைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணுக்கு இன்னா முடிங்க இது! பட்டு நூல் மாதிரி கீது" என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னாள். அவர், "கடல் தண்ணிதாங்க... வேற ஒண்ணும் போடறது இல்ல" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு கொஞ்ச நாள் ஹாஸ்டலில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சம் வந்தது. சமையல் அக்கா வாங்கி வைப்பதெல்லாம் மாடிக்குப் போய்விடுகிறது, சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் வருவதே இல்லை என்று சிநேகிதி சொல்லிச் சிரிப்பாள். என்ன செய்தாலும் அவள் நிறம் யாருக்கும் வரவில்லை. பங்குனிக் கடைசியில் அம்மா என் ஒரு முழத்தைக் கத்தரியால் வெட்டி எறிந்தாள். நார் மாதிரி ஆகிவிட்டதை வைத்துக்கொண்டு சீப்பை உடைத்ததுதான் மிச்சம். எனக்கும் வருத்தமில்லை. தலை லேசாக இருந்தது.

அவள் ஆசிரியர் பயிற்சி படித்துவிட்டு, கடற்கரைப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சுனாமிக்குப் பிறகு அவர்கள் வீடு மேட்டுப் பக்கம் மாறிவிட்டது. ஆட்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். நான் கல்யாணமாகி விழுப்புரத்துக்கே வந்துவிட்டேன். செல்போன் வந்த பிறகு வாரத்தில் ஒரு நாளாவது பேசிக்கொள்வோம்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றோ பதினான்கோ இருக்கும், தீபாவளித் துணி எடுக்க இரண்டு பேரும் திண்டிவனத்தில் சந்தித்தோம். ஜவுளிக் கடைக் கண்ணாடி முன்னால் புடவையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் வகிட்டை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, இம்மாம் நரைச்சிடுச்சு?"

"உனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

"எனுக்கும் கீது. ஆனா தெரியாது, பாரு" என்று குனிந்து தலையைக் காட்டினாள். நான் விரலால் பிரித்துத் தேடினேன். வெள்ளை முடிகள் இருந்தன. செம்பு நிறத்துக்குள் அவையும் கலந்து, வெயில் பட்டது போல மினுங்கிக்கொண்டிருந்தன. கடைப் பெண் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதி நிமிர்ந்து, மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"எம் முடிக்கு இது எடுப்பா இருக்குதா, பாரும்மா?"